கூண்டுக்கு என்ன பெயிண்ட்?

சிலை என்று ஒன்று இருந்தால் அதற்குக் கூண்டு வேண்டும். கூண்டு என்றால் பெயிண்ட் வேண்டும். பெயிண்ட் அடிக்க, சிலை எந்த ஆளுங்களுடையது என்று தெரிய வேண்டும். இதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டின ரோட்டோரம், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வைஜெயந்தி ஒரு சிலை வைத்தாள். பாவம், ரெண்டு வருஷ உழைப்பு. தோள் மாதிரி ஒரு மேடு, இடுப்பு மாதிரி ஒரு வளைவு. தலை கிடையாது. காலைப் பனியில் கறுப்பாக இருக்கும். வெயில் ஏற ஏற உப்புப் பூத்து வெளுத்துவிடும். தோல் அப்படி மாறுவதுதான் அதில் விசேஷம் என்றாள். சாமி படைத்த நம்ம தோலும் அப்படித்தானே.

சிலைகள் அமைதிப் பிரிவு அதிகாரி ராஜாங்கம் கூண்டோடு வந்து இறங்கினார்.

"இது யாரும்மா?"

"யாரும் இல்ல சார். உடம்பு."

"யாரோட உடம்பு?"

"எல்லாரோடதும்தான்."

அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. "எல்லாரோடதும்னா எல்லாரும் சண்டைக்கு வருவாங்களேம்மா. சாயங்காலத்துக்குள்ள யாருதுன்னு தெரியணும். இல்லாட்டி கிரேன் வந்து தூக்கிடும்."

மேற்படி உடல் தொடர்பாக அமைதிப் பேச்சுவார்த்தை கூட்டப்பட்டது. அதுவரைக்கும் ஊர் அமைதியாகத்தான் இருந்தது.

"இது எங்க ஆளுங்க தோளு. காலையில வந்து அந்தக் கறுப்பைப் பாருங்க," என்றார் கீழத்தெரு கலியமூர்த்தி.

"மத்தியானம் வந்து பாருங்க. வெளுப்பு அப்படியே எங்க தாத்தா," என்றான் மேலத்தெரு தேவா.

"ஏம்பா, உங்க தாத்தாவுக்கும் தலை கிடையாதா?"

வேளைக்கு ஒரு பெயிண்ட் அடிக்க விதியில் இடமில்லை என்று ராஜாங்கம் வருத்தம் தெரிவித்தார். பிறகு வைஜெயந்தியிடம் திரும்பினார்.

"ஒரே வழிதான் இருக்குது. செஞ்சவங்க யாரோ, சிலையும் அவங்களுது. நீங்க எந்த ஆளுங்கம்மா?"

இத்தனை நாளாக இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும், முருகா, ஒருவழியாகக் கேட்டுவிட்டார் என்று, ஓரடி முன்னால் வந்து நின்றோம்.

வைஜெயந்தி எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"சிலை யாரையும் ஒண்ணும் கேக்காது சார், அது வெளியிலயே நிக்கட்டும். கூண்டை இவங்க எல்லாருக்கும் சேத்து பெருசா செஞ்சிடுங்க. தெருவுக்கு ஒரு பக்கம் பெயிண்ட் அடிச்சிக்கலாம்."

பொதுமக்களுக்குக் கூண்டு வைக்க விதியில் தடை ஏதும் இல்லாததால், ராஜாங்கம் சாயங்காலம் வந்து நின்ற கிரேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, எங்களை அளக்க டேப்பை எடுத்தார்.

மறுமுனையை நாங்கள்தான் பிடித்துக் கொடுத்தோம்.