எபோ குவான்சா இடக்கை நீட்டிய படலம்

வாழ்க எபோ குவான்சா! தேய்த்த சட்டையின் மடிப்புக் கலையாமல் அடென்டா ஊரின் புழுதிச் சாலையைக் கடந்த வித்தகன், விருந்தில் வெளுத்துக் கட்டலாம் என்று காலையிலிருந்து பட்டினி கிடந்த தவசீலன், எஃபுவா என்னும் ஏந்திழையைக் கைப்பிடிக்க அவள் தந்தையின் ஒற்றைச் சொல்லுக்கு ஏங்கிய பேராண்மையன், அவன் புகழைப் பாடப் புகுந்தேன்; நாமகளே, என் நாவில் அமர்வாய், சிரிக்காமல் அமர்வாய்!

புதிதாய்த் திறந்த இத்தாலியக் கடையின் குளிரூட்டிய மண்டபத்தில், துறைமுகத்தில் ஆயிரம் பெட்டிகளைத் திறக்கவைத்த ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி அமிஸ்ஸா, அதே கண்களால் எபோவையும் திறந்து பார்த்தபடி மகள் எஃபுவாவோடு எதிரே வீற்றிருந்தார். கடையைத் தேர்ந்தவன் எபோவேதான். கையலம்பி, ஃபுஃபுக் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து உண்ணும் வழக்கமான கடைக்கே போயிருந்தால் இக்காவியம் பிறந்திராது.

வந்தது ஸ்பகெட்டி! முடிவிலா நீளமும் பிடிபடா வழவழப்பும் கொண்ட அச்செங்குழம்புச் சேனையை முள்கரண்டியால் குத்தி, சுழற்றி, மடக்கி, வியர்த்து, முதல் உருண்டையை வாயருகே உயர்த்தினான் நம் வீரன்.

"தம்பி, அந்தத் தண்ணி ஜக்கை இப்படிக் குடு."

பெரியவருக்கு எதையும் வலக்கையால் கொடுப்பதே அம்மண்ணின் அறம். தப்பித்தவறி இடக்கை நீண்டால் "இடது கைக்கு மன்னிச்சுக்குங்க" என்று அக்கணமே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது வசவுக்குச் சமம். எனவே கரண்டியைக் கிடத்தி, வலக்கையால் ஜக்கைக் கொடுத்துத் திரும்பினான். உருண்டை அவிழ்ந்து கிடந்தது.

மறுபடியும் சுழற்றினான்.

"தம்பி, மிளகாப்பொடி."

மறுபடியும் அவிழ்ந்தது. குடலோ முரசறைந்தது. மூன்றாம் முறை, 'இனி எவர் கேட்பினும் அஞ்சேன்' எனச் சூளுரைத்து, மலையொத்த உருண்டையை வாய்க்குள் திணித்தான். அதன் வாலோ இன்னும் தட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது, வலக்கை கரண்டியால் அதைத் தாங்கி நின்றது.

"தம்பி, அந்தச் சீஸு."

ஐயகோ! அறிவு தடுக்குமுன் இடக்கை பாய்ந்து கிண்ணத்தை எடுத்து நீட்டிவிட்டது. மன்னிப்போ உருண்டைக்குப் பின்னால் சிறைப்பட்டது. விழுங்கவும் வழியில்லை, துப்பவும் வழியில்லை. உதட்டில் தொங்கிய நூலோடு அவன் விழித்த விழிப்பைப் பாடக் கவிக்கே வெட்கமாயிருக்கிறது.

"யாருக்குடா நீட்டுற இடது கைய?"

அப்போது எஃபுவா வாய் திறந்தாள்.

"இடது கைக்கு மன்னிச்சுக்குங்கப்பா. அவருக்காக நான் சொல்றேன். அவர் வாயிலதான் இடமில்லையே."

அமிஸ்ஸா மகளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அதை வாங்கிக்கொண்டார்.

"இப்பவே அவனுக்காக நீ பேச ஆரம்பிச்சாச்சு. அப்புறம் நான் சொல்ல என்ன இருக்கு?" என்றவர் எதிரே திரும்பினார். "முதல்ல வாயில இருக்கிறத முழுங்குங்க, மாப்ளே."

முழுங்கினேன். உப்பே இல்லை.