ஒலி ஒளி அமைப்பு: நந்தகுமார்

உத்திரமேரூர்,
ஆவணி 3.

மதிப்பிற்குரிய சித்தப்பா ஜானகிராமன் அவர்கள் சமூகத்திற்கு, அண்ணன் மகன் நந்தகுமார் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு அம்மாவும் நானும் சுகம். என் கீபோர்டு சுகமில்லை; நடு ‘ஸா’வை அழுத்தினால் கேழ்வரகுக் கூழ் வாசனை வருகிறதே தவிர, சத்தம் வருவதில்லை. அங்கு வாலாஜாபாத்தில் தாங்களும் சித்தியும் தங்கை ஏலவார்குழலியும் ரைஸ்மில்லும் நலமா என்று அறிய ஆவல். போனிலேயே கேட்டிருப்பேன். தாங்கள் எப்போதும் மில்லுக்குள் நின்று பேசுவதால் நான் சொல்வதில் பாதிதான் தங்கள் காதில் விழுகிறது. அந்தப் பாதியால் வந்த வினைதான் இந்தக் கடிதம்.

என் பிழைப்பு என்னவென்று நம் குடும்பத்தில் யாருக்கும் புரியாது என்பது எனக்குத் தெரியும். பாட்டுக்கு இசையமைக்கிறேன், மேடையில் கீபோர்டு வாசிக்கிறேன், கம்ப்யூட்டரை வைத்து இசை செய்வது எப்படி என்று ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். ஒன்பது வருடமாகியும் அதில் முதல் சொல்லை நான் கண்ணால் பார்த்ததில்லை. விழாவில் மைக் கரகரத்தால் மட்டும் பிரின்சிபால் ‘நந்தகுமாரைக் கூப்பிடு’ என்பார். இந்த வருடம்தான் அந்த வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். ஒரே ஓர் இடம். சொந்தமாக இசையமைத்ததைத் தானே மேடையில் வாசித்ததற்கு அச்சடித்த ஆதாரம் வேண்டும் என்றார்கள். விழாக்குழுத் தலைவர் நம்ம சித்தப்பாதானே என்ற தைரியத்தில் ஆனி மாதமே மில்லுக்கு ஓடி வந்தேன். உங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழா நோட்டீஸில் ‘இசையமைப்பும் கீபோர்டும்: நந்தகுமார்’ என்று ஒரே ஒரு வரி போடச் சொல்லி, காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன். அந்தக் காகிதத்தில் தாங்கள் வடையை வைத்து எண்ணெய் பிழிந்தீர்கள். பிழிந்துகொண்டே கேட்டீர்கள்:

“டேய், காலேஜ்ல நீ இன்னாதான்டா பண்ணிக்கினு கீற?”

“சவுண்ட் பத்திப் பாடம் எடுக்கிறேன் சித்தப்பா.”

“சவுண்டா! அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?”

அந்த ஒரு சொல்லில் என் தலையெழுத்து அச்சேறிவிட்டது. நோட்டீஸ் வந்தது. நாதஸ்வரம், பம்பை, பந்தல், வாணவேடிக்கை எல்லாம் முடிந்து, கடைசி வரியில் ‘ஒலி ஒளி அமைப்பு: நந்தகுமார், உத்திரமேரூர்’. கீழே என் போன் நம்பர், ஒரு பிழையும் இல்லாமல். அதையாவது தப்பாகப் போட்டிருக்கக் கூடாதா? அன்று மாலையே ராஜகுளத்திலிருந்து ஒருவர் காதுகுத்துக்கு நாலு ஸ்பீக்கர் பாக்ஸும் ரெண்டு குழாய் ஸ்பீக்கரும் கேட்டார். என்னிடம் இல்லை என்றதும், “அப்போ எதுக்குப்பா நோட்டீஸ் அடிக்கிற?” என்று என்னையே திட்டினார்.

திருவிழா அன்று காலை தோளில் கீபோர்டும் கையில் லேப்டாப்புமாக வந்தேன். “மைக் செட்டு வந்துட்டாரு!” என்று ஊரே கூடி வந்து, என் பின்னால் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தது. நீங்கள் வேறு யாரையும் ஏற்பாடு செய்யவில்லை, ஏனென்றால் என்னைத்தான் ஏற்பாடு செய்திருந்தீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடி, வாடகைக் கடைக்காரன் காலைப் பிடித்து, பாக்ஸை மினி வேனில் ஏற்றி, வேப்பமரத்தில் ஏறி நானே குழாய் கட்டினேன். கூழ் ஊத்தப் போறாங்க, பாத்திரம் எடுத்துனு வாங்க என்று பதினோரு தடவை அறிவித்தேன். காணாமல் போன ஒரு ஸ்கூட்டர் சாவியையும் ஒரு மாமியாரையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். சீரியல் பல்பு அம்மனையும் நானே மாட்டினேன்; சிங்கம் மட்டும் எரிந்தது, அம்மன் எரியவில்லை. அதற்கு, படித்தவன் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்றீர்கள். பக்தர் யாரோ ஒரு சொம்புக் கூழை என் கீபோர்டின் மேல் பத்திரமாக வைத்தார். அது கவிழ்ந்தது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் சித்தப்பா, ஏனென்றால் மாலை ஆறு மணிக்கு என் பாட்டு இருந்தது. மூன்று நிமிடம், மூன்று மாத உழைப்பு. அதன் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உங்கள் மில்லின் பெல்ட் ஓடும் சத்தம். ஒருநாள் நெல் மூட்டைக்குப் பின்னால் ரெக்கார்டரோடு உட்கார்ந்து பிடித்தேன். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். லேப்டாப்பில் அந்தத் தாளத்தை ஓடவிட்டு, கூழில் ஊறிய ‘ஸா’வைத் தவிர்த்து நான் வாசிக்கத் தொடங்கியதும் உங்கள் மில்லில் தவிடு கூட்டும் பவளம் அக்கா ஒருத்திதான், “ஐயே, இது நம்ம மில்லு பெல்ட்டுபா! நல்லா கீது, போடு போடு!” என்று கை தட்டினாள். நாற்பதாவது விநாடியில் நீங்கள் மேடையேறினீர்கள்.

“டேய் நந்தா, லைன்ல கொர்ருனு எரைச்சல் வந்துக்கினு கீது, காதுல வுழல? ஆப் பண்றா!”

நீங்களே ஒயரைப் பிடுங்கிவிட்டீர்கள். முப்பது வருடமாக உங்களுக்குச் சோறு போடும் சத்தம் உங்களுக்கே இரைச்சலாகிவிட்டது. ஜனங்களும், மைக் செட்டைச் சரி செய்துவிட்டார்கள் என்று கை தட்டினார்கள். நான் மேடைக்கு அடியில் போய் ஒயரைத் தேடுவதுபோல் உட்கார்ந்து அழுதேன். போட்டோக்காரர் எடுத்ததில் நான் இருப்பது அந்த ஒரு படத்தில்தான், அதிலும் முதுகு.

திங்கட்கிழமை நேர்காணல். என் கையில் உள்ள ஆதாரம் அந்த நோட்டீஸ் மட்டுமே. ஆகவே, ‘நந்தகுமார் மைக் செட்காரர் அல்ல, அன்று தான் இசையமைத்ததைத் தானே வாசித்தார், நிறுத்தியது நான்தான்’ என்று விழாக்குழு முத்திரை வைத்து ஒரு கடிதம், தயவுசெய்து மில்லுக்கு வெளியே உட்கார்ந்து, எழுதி அனுப்பவும். சித்திக்கு என் வணக்கம். ஏலவார்குழலிக்கு என் அன்பு. தங்கள் காது நூறாண்டு நன்றாக இருக்க அம்மனை வேண்டும்,

நந்தகுமார்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பிரின்சிபால் போன் செய்தார். பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸைப் பார்த்தாராம். “இத்தனை வருஷமா இதைச் சொல்லவே இல்லையே நந்தகுமார்! அந்த போஸ்ட்டுக்கு வேற ஒருத்தரை முடிவு பண்ணிட்டோம். உங்களுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். இனிமே நம்ம காலேஜ் விழா எல்லாத்துக்கும் மைக் செட் நிரந்தரமா நீங்கதான்” என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டேன். ஆகவே கடிதம் வேண்டாம். ராஜகுளத்துக்காரர் நம்பரைக் கோபத்தில் அழித்துவிட்டேன்; உங்களிடம் இருந்தால் அனுப்பவும். அடுத்த ஆடிக்கும் அதே வரியைப் போடுங்கள், ஆனால் ‘ஒலி’ மட்டும். ஒளி எனக்கு வராது சித்தப்பா.