சரவெடிக்குக் கீழே ஒரு குழந்தை

போனில் படித்துப் படித்துக் குழந்தை வளர்ப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வராது, பாவமாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கே தலைவியாக இருந்தவள் நான்.

என் மகள் யாழினிக்குக் கைக்குழந்தையிலேயே கார் என்றால் ஆகாது. காது குத்துக்காகக் காரியாபட்டியில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு ஒருமுறை கிளம்பி, அவள் அழுத அழுகையில் விருதுநகரோடு திரும்பிவிட்டோம். (பக்கத்துக் காரில் வந்தவர்கள் எங்களைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் மாதிரி பார்த்தார்கள்.) இரண்டாவது முறை திரும்பவே முடியாது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் என் அண்ணனுக்கு அன்று மதியம் மதுரையில் விமானம். விட்டால் அடுத்த லீவு எப்போது கிடைக்குமோ தெரியாது.

கார் பயணத்தில் குழந்தையின் கண்ணெதிரே, பளிச்சென்ற நிறத்தில், குலுங்கினால் சத்தம் போடும் பொருட்களைத் தொங்கவிட்டால் அழாது, மூளையும் வளரும் என்றது போன். கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் நான் சிவகாசியில் பட்டாசு லேபிள் வரைகிறவள். பளிச்சென்ற நிறத்தை நானே வெளியில் வாங்கினால் என் தொழிலுக்கு என்ன மரியாதை?

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவிடம், வெடிமருந்தையே பார்க்காத காலிக் காகிதக் குழாய்கள் கொஞ்சம் வாங்கினேன். உள்ளே துவரம்பருப்பைப் போட்டு இருபக்கமும் ஒட்டினேன். மேலே சிவப்பும் பச்சையுமாக நான் வரைந்த லேபிளைச் சுற்றினேன். எல்லாவற்றையும் வரிசையாக நூலில் கோத்து, பின்சீட்டில் குழந்தைக்கு மேலே கட்டினேன். அவள் பிடித்து இழுக்க வசதியாக நுனியில் கொஞ்சம் நூலைத் தொங்கவும் விட்டேன்.

பட்டாசு ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது எதைப்போல இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். என் கண்ணுக்கு அது மூளை வளர்ச்சியாக மட்டுமே தெரிந்தது.

“செல்வி, இது பாக்க…” என்று என் கணவர் இழுத்தார்.

“உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வண்டிய எடுங்க.”

சும்மா சொல்லக் கூடாது, விருதுநகர் நெருங்கும்வரை யாழினி காலை உதைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். தீபாவளி சீசன் என்பதால் அங்கே போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்கள் ஜன்னலில் குனிந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ஏம்மா, பச்சப்பிள்ள தலைக்கு மேல சரவெடியக் கட்டித் தொங்கவிட்டு எங்கன போறீக?”

“சரவெடி இல்ல சார். வெளாட்டுச் சாமான்.”

“திரி தொங்குது.”

“அது பிள்ள இழுக்கிறதுக்கு சார்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நிரூபிக்கலாம் என்று இறங்கி, ஒன்றைக் கழற்றிக் குலுக்கினேன். அவர் பின்னால் நகர்ந்தார். என் கணவரும் நகர்ந்தார். (பருப்புப் போடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர்.) வேறு வழியில்லாமல் அதைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். ரோட்டில் பருப்பு கொட்டியது.

“ஒண்ணுல பருப்பு இருந்தா அம்புட்டுலயும் பருப்புன்னு நான் எப்படி நம்புறது? எல்லாத்தையும் பிரிங்க” என்றார்.

காரின் பானெட்டில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தான். “எங்கன வர்ற? பெட்டிய எடுத்து வாசல்ல வச்சாச்சு.”

“பருப்புப் பிரிச்சிட்டு இருக்கேன்ணே” என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

போலீஸ்காரர் விட்டுவிட்டார். கார் நகர்ந்ததும் யாழினி அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒன்றுமில்லை. போன தடவை அழாததையும் சேர்த்து அழத் தொடங்கினாள். கிலுகிலுப்பை கேட்ட பிள்ளைக்கு என் கையில் வெறும் நூல்தான் இருந்தது. நானும் அழுதுவிட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தால் அண்ணன் மடி கிடைக்காமல் போகிறதே.

என் பையில் ஒரு கட்டு லேபிள் மாதிரிகள் இருந்தன. மறுநாள் முதலாளியிடம் காட்ட வேண்டிய புது ஆர்டர். அதில் ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாழினி அதைப் பிடித்து இழுத்தாள். டர்ரென்று கிழிந்தது. அழுகை நின்றது. கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கிழித்தாள். சிரித்தாள்.

நான் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தேன். ராத்திரி பகலாக வரைந்த மயிலும் புலியும் காரியாபட்டி வருவதற்குள் தூள் தூளாகிவிட்டன. (முதலாளி சொன்னதை இங்கே எழுத முடியாது.)

அண்ணன் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தான். உட்கார்ந்தான், மடியில் வைத்தான், குத்தியாகிவிட்டது. யாழினியைவிட அவன்தான் அதிகம் அழுதான். சட்டையெல்லாம் காகிதத் துணுக்கு ஒட்டியிருக்க, அப்படியே விமானத்துக்குக் கிளம்பினான்.

இன்றும் நாங்கள் காரில் ஏறினால், “பருப்பு எடுத்தாச்சா?” என்று கேட்காமல் என் கணவர் சாவியைத் திருப்புவதில்லை.

அடுத்த லீவில் அண்ணன் வந்தபோது மதுரை விமான நிலையத்துக்குப் போனோம். யாழினி நன்றாக நடக்கத் தொடங்கியிருந்தாள். போனிலேயே பார்த்துப் பழகிய மாமனை நேரில் கண்டதும் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. பெரிய பெட்டியைக் காட்டினான், அவள் அசையவில்லை. கொஞ்சம் யோசித்து, சட்டைப் பையிலிருந்து விமான டிக்கெட்டின் துண்டை எடுத்து நீட்டினான். அவள் மெல்ல வந்து வாங்கி, டர்ரென்று கிழித்துவிட்டு, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

துபாயில் தேடித்தேடி வாங்கிய விளையாட்டுச் சாமான்கள் காரியாபட்டி போகும்வரை டிக்கியிலேயே கிடந்தன.