இங்கே பூ போடாதீர்கள்

கடையை மகன் ஆனந்தகுமாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று சுயம்புலிங்கம் ஒரு பெரிய முடிவு எடுத்தார். இனிமேல் யார் எது செய்தாலும் பாராட்டிவிடுவது.

தி. நகரில் முப்பது வருஷம் ஜவுளிக்கடை நடத்தியவர். கல்லாவில் உட்கார்ந்தபடி ஒருவரையும் பாராட்டியதில்லை. பாராட்டினால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள். இப்போது அபிராமபுரம் வீட்டில் கையில் போன் இருந்தது. பொழுது நிறைய இருந்தது. தேங்கிக் கிடந்த பாராட்டையெல்லாம் ஆடித் தள்ளுபடிபோல வெளியே எடுத்துக் கொட்டினார்.

எழுந்து பல் தேய்ப்பதற்குள் பலபேருக்குக் கட்டைவிரல் உயர்ந்திருக்கும். யாரோ சட்னி அரைத்துப் படம் போட்டால் கைதட்டல். யாரோ ஒன்றும் செய்யாமல் தன் முகத்தைப் போட்டாலும் ரோஜா. ஒற்றை ரோஜா கஞ்சத்தனம் என்பது அவர் கொள்கை. முழம் போட்டுத்தான் கொடுப்பார்.

முதலில் அடுக்ககக் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள்.

“தண்ணி லாரி இன்னைக்கு வராதுன்னு செகரட்டரி போட்டிருக்காரு. அதுக்குப் போய் கைதட்டியிருக்கீங்களே அத்தான்?” என்றாள் மனைவி பங்கஜம்.

“லாரி வராததுக்கா தட்டினேன்? வராதுன்னு முன்கூட்டியே சொன்னாருல்லா, அந்தப் பொறுப்புக்கு.”

“கீழ்வீட்டுல சோப்பு போட்டுத் தண்ணியில்லாம நிக்கும்போது உங்க கைதட்டலைப் பாத்திருக்காங்க.”

அடுத்தது கடைக் குழு. பல்வலி என்று லீவு கேட்ட சேல்ஸ்மேனுக்கு ‘அருமை! தொடரட்டும்!’ என்று எழுதிவிட்டார். “பெரிய முதலாளியே அருமைன்னு சொன்ன பிறகு நான் எப்படிப்பா இல்லைங்கிறது?” என்று ஆனந்தகுமார் கையெடுத்துக் கும்பிட்டு அவரை நீக்கினான்.

சுயம்புலிங்கம் ஹாலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுவதற்கு ஆள் கிடைக்காத மனிதனின் வெறுமை, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் மூன்றாவதாக ஓர் அறை இருந்தது. இருக்கிறது என்று பங்கஜம் நம்பியிருந்தாள். உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. கதவைத் திறந்தால் கட்டைப்பை மலை. அதற்குப் பின்னால் சேலை வந்த அட்டைப்பெட்டிகள். பழைய கடைப் பலகையின் எழுத்துகள், வருஷாவருஷம் மிஞ்சிய காலண்டர்கள், ஓடாத மேசைவிசிறிகள். ஜன்னலோரம் ஒரு கை உடைந்த துணிக்கடைப் பொம்மை. கடைப் பையன்கள் அதற்குத் தெருவின் பெயரைச் சேர்த்து ‘மிஸ் ரங்கநாதன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சாவி சுயம்புலிங்கத்தின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

பங்கஜத்துக்கு ஆரி வேலை தெரியும். ரவிக்கைத் துணியைப் பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் அவள் மணி கோத்துத் தைப்பதைப் பார்க்க நேர்ந்தவர்கள், வந்த வேலையை மறந்து நின்றிருக்கிறார்கள். மயிலாப்பூரில் பெண்கள் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சட்டத்தைப் போட இடமில்லை. ஹாலில் போட்டால் யாராவது வரும்போதெல்லாம் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும். அந்த அறையை அவள் பல வருஷம் கேட்டாள். “எல்லாம் வேண்டிய சாமான்” என்று இவர் சொன்னார். பிறகு ஒருநாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். அன்றே சுதாரித்திருக்க வேண்டும்.

“பேஸ்புக்குல நான் ஒரு குழுல இருக்கேன்,” என்றாள் பங்கஜம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம். “‘காலி இடம்’னு பேரு. வீட்டுல அடைசலை ஒழிச்சுப் படம் போடுவாங்க. உங்களுக்குச் சரிப்படாது.”

“ஏன் சரிப்படாது?”

“அங்க பாராட்டுறது கஷ்டம்.”

சாயங்காலத்துக்குள் சேர்ந்துவிட்டார்.

அடையாறிலிருந்து ஒரு பெண்மணி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைச் சுத்தம் செய்து படம் போட்டிருந்தார். சுயம்புலிங்கம் ஒரு முழம் ரோஜா தொடுத்து, ‘தங்கள் தொட்டியடி ஓர் ஆலயம், சகோதரி!’ என்று எழுதினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ரோஜாவைக் காணோம். குழுவின் பெயரிலேயே அவருக்கு ஒரு பதில் வந்திருந்தது.

‘ஐயா, இங்கே பூ போடாதீர்கள். பிடித்திருந்தால் உங்கள் வீட்டிலும் அதே இடத்தை ஒழித்துப் படம் போடுங்கள். இங்கே அதுதான் பாராட்டு. – அட்மின்.’

விற்ற சேலை திரும்பி வரும். அது அவருக்குப் பழக்கம். சாயம் போச்சு, முந்தானை சின்னது என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். இனாமாகக் கொடுத்தது திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை.

“இது என்ன அநியாயம்? பாராட்டுறதுக்கு நான் வேலை செய்யணுமா?”

“நான்தான் சொன்னேன்லா? விட்டுருங்க அத்தான். உங்களால முடியாது. வேற குழு பாருங்க.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குக் கீழே புகுந்தார். உள்ளேயிருந்து எட்டு ஷாம்பு டப்பாக்களும், மூடியில்லாத ஒரு பிளாஸ்க்கும், ஆனந்தகுமார் பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஓட்டப்பந்தயக் கோப்பையும் வந்தன. துடைத்துப் படம் போட்டார். யாரும் ஒரு சொல் எழுதவில்லை. ஆனால் மறுநாள் மந்தைவெளியில் ஒருவரும் பெசன்ட் நகரில் ஒருவரும், ‘சுயம்புலிங்கம் ஐயா படம் பார்த்து’ என்று மட்டும் எழுதித் தங்கள் வீட்டுத் தொட்டியடியைப் போட்டிருந்தார்கள்.

சுயம்புலிங்கம் அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ பேர் அவருக்குக் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். ஒருவராவது அவருக்காகக் குனிந்தது உண்டா?

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. செருப்பு வைக்கும் இடம், மருந்துப் பெட்டி, ஃப்ரிட்ஜ் தலை, பூஜை அறையின் கீழ்த்தட்டு. வீட்டுக்குள் காற்று நடமாட ஆரம்பித்தது. பங்கஜம் உதவிக்குக்கூட வரவில்லை. “உங்க பாராட்டு, நீங்களே செஞ்சாத்தான் அழகு,” என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது அறை மட்டும் பூட்டியே இருந்தது. முழு அறையை ஒழித்து யாரும் படம் போடவில்லையே.

ஒரு வியாழக்கிழமை கதிரேசன் போட்டார்.

கதிரேசன் எதிர்க்கடைக்காரர். சுயம்புலிங்கம் கடைக்கு நேர் எதிரே ஜவுளிக்கடை திறந்து, ‘எதிரே விசாரித்துவிட்டு வரவும்’ என்று போர்டு வைத்தவர். இருபது வருஷமாகப் பேச்சு கிடையாது. அவர் தன் வீட்டில் ஒரு முழு அறையைக் காலி செய்து, நான்கு சுவரும் பளிச்சென்று தெரியப் படம் போட்டிருந்தார். கீழே ஒரே வரி: ‘முப்பது வருடக் கடைச் சாமான். இன்று விட்டேன்.’

வெள்ளிக்கிழமைக்குள் குழுவில் பாதிப்பேர் ஆளுக்கொரு அறையைக் காலி செய்து அவரைப் பாராட்டிவிட்டார்கள்.

“பாத்தீங்களா, கதிரேசன் அண்ணாச்சி படத்தை?” என்றாள் பங்கஜம், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே.

“ம்.”

“நீங்க இதைப் பாராட்ட வேண்டாம் அத்தான்.”

“ஏன்?”

“அவருக்கும் நமக்கும் ஆகாது. விட்டுருவோம். என்ன, நாலுபேரு பேசுவாங்க. தொட்டியடிக்கெல்லாம் பாராட்டினவரு, கதிரேசன்னதும் கண்ணை மூடிக்கிட்டாரே, பொறாமைன்னு. பேசினா பேசட்டும். நம்ம ரூமுல இருக்கிறதெல்லாம் வேண்டிய சாமான்.”

சுயம்புலிங்கம் எழுந்து ஹாலின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தார். பொறாமையா? அவருக்கா? கதிரேசன் மீதா? சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றைத் தடவினார்.

மறுநாள் காலை பழைய சாமான் எடுக்கும் ஆசிஃப் தன் குட்டி யானை வண்டியோடு வந்தான். கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனான்.

“இன்னா அண்ணாச்சி, வீட்டுக்குள்ள இன்னொரு கடை கீது!”

“பேசாம எடுப்பா.”

மூன்று நடை போனது. கட்டைப்பைகளைக் கட்டும்போது சுயம்புலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுத்துகளைத் தூக்கும்போது, ‘ஜ’வை மட்டும் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கடைசியில் ஆசிஃப் பொம்மையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இந்தம்மாவும் வர்றாங்களா?”

சுயம்புலிங்கம் பொம்மையின் தோளில் இருந்த தூசியைத் தட்டினார். கடையின் முதல் தீபாவளிக்கு வாங்கிய பொம்மை.

“அது இருக்கட்டும்,” என்றாள் பங்கஜம். “நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் நல்ல மனசை நினைத்து அவர் கண் கலங்கினார். அறையைக் கழுவித் துடைத்துப் படம் எடுத்து, ‘கதிரேசன் அவர்களுக்கு’ என்று எழுதிப் போட்டார். இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை கோவிலுக்குப் போய்த் திரும்பியவர், வாசலில் ஐந்து ஜோடி செருப்புகளைப் பார்த்தார். அறையில் ஆரி சட்டம் விரித்துக் கிடந்தது. சுற்றிலும் பெண்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் மிஸ் ரங்கநாதன், மயில்கழுத்து நிறத்தில் மணி வேலை செய்த ரவிக்கையோடு, இல்லாத கையைப் பற்றிக் கவலைப்படாமல் நின்றாள். கடையில் இருந்த காலத்தில்கூட அவள் இத்தனை அழகாக இருந்ததில்லை.

ஹாலில் அவருடைய நாற்காலியில் கதிரேசன் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க அண்ணாச்சி,” என்று இவரையே வரவேற்றார். “வீட்டம்மா ஜெயஸ்ரீயைக் கொண்டாந்து விட வந்தேன். கிளாஸ்ல சேந்திருக்கா.”

இருபது வருஷத்தில் முதல் பேச்சு. சுயம்புலிங்கம் மெதுவாக எதிரே உட்கார்ந்தார்.

“உங்க வீட்டம்மாவுக்கும் எங்க வீட்டம்மாவுக்கும் எப்படிப் பழக்கம்?”

“கேட்டேன். நம்ம ரெண்டுபேரும் பேசாம இருந்த இருபது வருஷமும் அவங்க பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க.” கதிரேசன் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கும் முதல்ல பூவைத்தான் அழிச்சாங்களா?”

“ஆமா. யாரு அந்த அட்மின்? உங்களுக்குத் தெரியுமா?”

கதிரேசன் கண்ணால் அறைப் பக்கம் காட்டினார். உள்ளே பங்கஜம் ஒரு கையால் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் போனில் யாருடைய பூவையோ அழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வேலையும் பிசகவில்லை.

சுயம்புலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. முப்பது வருஷம் தொழில் செய்தவருக்கு நல்ல வியாபாரம் தெரியும். சாமானையும் கொடுத்து, சுமந்தும் கொடுத்து, அறையைக் கழுவியும் கொடுத்துவிட்டு, மகிழ்ச்சியோடு தூங்கப் போன வாடிக்கையாளர் ஒருவர்கூடத் தன் கடைக்கு வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

“அத்தான்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “எல்லாருக்கும் டீ போடுங்களேன். கை வேலையா இருக்கு.”

போட்டார். இஞ்சி தட்டி, ஏலக்காய் நசுக்கி, தட்டில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெண்கள் குடித்தார்கள். யாரும் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. காலி டம்ளர்களைப் பொறுக்கும்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. கல்லாவில் பழகிய மூளை அல்லவா.

“பங்கஜம், உங்க குழு விதி என்ன? பிடிச்சதை வாயால சொல்லக் கூடாது. அதே வேலையைத் தானும் செஞ்சு காட்டணும். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“அப்பம்னா நாளைக்கு டீ நீங்கள்லாம் போட்டு எனக்குக் கொடுக்கணும். அட்மினா இருந்தாலும் விதி விதிதான்.”

“அண்ணாச்சி!” என்று ஹாலிலிருந்து கதிரேசன் எழுந்தே நின்றுவிட்டார். பெண்கள் ஊசியை நிறுத்திப் பங்கஜத்தைப் பார்த்தார்கள்.

பங்கஜம் தலை நிமிரவில்லை. ஒரு மணியை ஊசியில் எடுத்து, துணிக்கு அடியில் நூலைச் சுண்டி முடிந்தாள்.

“பிடிச்சிருந்தாத்தானே அத்தான்?” என்றாள்.