பெயருக்கேற்ற உடம்பு

முகிலடிக் காடு எந்த வரைபடத்திலும் இல்லை, தேட வேண்டாம். அங்கே சிங்கவால் குரங்கு ஒன்று மன்னராக இருந்தார். அவர் தேர்தலில் நின்றபோது ஓட்டுச்சீட்டான அத்தி இலையில் முழுப்பெயரும் கொள்ளவில்லை. ‘சிங்க’ என்பதோடு இலை முடிந்துவிட்டது. அந்தக் காட்டில் யாரும் சிங்கத்தைப் பார்த்ததில்லை. முகத்தைச் சுற்றிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம், வேறென்ன வேண்டும் என்று குத்தித் தள்ளிவிட்டார்கள்.

பதவியேற்ற மறுநாளே பெயருக்கேற்ற உடம்புச் சட்டம் வந்தது. பெயரின் கடைசிச் சொல் எதுவோ அதுதான் இனம். இனத்துக்கு மீறிய உறுப்பும் பழக்கமும் ஆக்கிரமிப்பு. மரநாய் மரத்தைவிட்டு இறங்கிக் குரைக்க வேண்டும் என்று உத்தரவு. பாவம், தொண்டை கட்டியதுதான் மிச்சம். செங்குத்துப் பாறையில் ஒட்டி நடப்பதற்கென்றே அமைந்த குளம்பு வரையாட்டுக்கு. “ஆடுதானே? கீழே வந்து மேய்” என்றார்கள். மந்தை சமவெளிக்கு இறங்கியது. பாதிதான் மிஞ்சியது. புதரில் இருந்த சிறுத்தைக்குத் தொப்பை போட்டுவிட்டது.

மூன்றாவது வாரம் முள்ளம்பன்றி கூராயிக்கு நோட்டீஸ் வந்தது. பன்றிக்கு முள் கிடையாது. ஆகவே முட்கள் பறிக்கப்படும்.

கூராயிக்கு இரண்டு குட்டிகள். அவற்றின் முள் இன்னும் கெட்டிப்படவில்லை. சிறுத்தை மோப்பம் பிடித்து வந்தால் வளையின் வாசலைத் தன் முதுகால் அடைத்துக்கொள்வாள். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே கதவு அதுதான்.

பெயர்த் துறை அமைச்சர் உடும்பிடம் போனாள். பிடித்தால் விடாதவர் அவர். நாற்காலியையும் அப்படித்தான் பிடித்திருந்தார்.

“ஐயா, நான் பன்னியே இல்லீங்க. எலியும் அணிலுந்தான் எங்களுக்குச் சொந்தபந்தம். எவனோ பேரு வச்சுட்டுப் போயிட்டான்.”

“அம்மணி, ஆவணம் பொய் சொல்லாது. உமது உடம்புதான் பொய் சொல்கிறது.”

“அப்ப மன்னரு பேருல கடைசிச் சொல்லு என்னங்கய்யா?”

அமைச்சர் நாக்கை இரண்டுமுறை நீட்டி உள்ளே இழுத்தார். “ஆள்வோருக்கு முதல் சொல். ஆளப்படுவோருக்குக் கடைசிச் சொல். சட்டம் நேற்றே திருத்தப்பட்டுவிட்டது.”

“நேத்தா? யாரும் சொல்லலியே?”

“இன்று மாலைக்குள் நேற்றாகிவிடும்.”

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழி வெட்டுவதானாலும் முதல் பிடி மண்ணை மன்னர்தான் அள்ள வேண்டும். அவர் கை படாமல் எந்தத் திட்டமும் தொடங்காது. முள் பறிப்பு விழாவுக்கும் மேடை போட்டார்கள். ‘மாமன்னர் சிங்கத்தார் தம் திருக்கரத்தால் முதல் முள்ளைப் பறித்துத் திட்டத்தைத் தொடங்கி, முடித்தும் வைத்தார்’ என்று கல்வெட்டை முன்கூட்டியே செதுக்கி நட்டுவிட்டார்கள். கூராயி குட்டிகளை யாரிடம் விடுவது என்று தெரியாமல் கூடவே கூட்டி வந்திருந்தாள்.

மன்னர் ஒரு நாழிகை பேசிவிட்டுக் குனிந்து கையை நீட்டினார். அப்போது புதர் அசைந்தது. எட்டிப் பார்த்தது சிறுத்தை.

கண்மூடித் திறப்பதற்குள் மன்னர் பலாமரத்தின் உச்சாணிக் கொம்பில் இருந்தார். அமைச்சர் பொந்துக்குள் பாய்ந்தார். கூட்டம் போன இடம் தெரியவில்லை. சிறுத்தை நேரே குட்டிகளை நோக்கி வந்தது.

கூராயி முதுகைக் காட்டித் திரும்பினாள். முள்ளையெல்லாம் சிலிர்த்து, வாலைக் கிலுகிலுவென்று ஆட்டி, பின்பக்கமாகவே பாய்ந்தாள். மூக்கில் இரண்டு முள்ளை வாங்கிக்கொண்டு சிறுத்தை புதருக்குள் ஓடியது.

கூராயிக்கு மூச்சு வாங்கியது. “இறங்கி வாங்க மன்னா! வந்த வேலைய முடிச்சிருங்க” என்று மேலே பார்த்துச் சொன்னாள். மன்னர் கொம்பை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பொந்துக்குள்ளிருந்து அமைச்சரின் குரல் மட்டும் வந்தது. “சிங்கம் மரம் ஏறாது. ஆகவே மன்னர் மரம் ஏறவில்லை. ஏறாதவர் எப்படி இறங்குவார்?”

“அப்ப என் முள்ளு?”

அமைச்சர் தலையை நீட்டிக் கல்வெட்டை ஒருமுறை படித்தார். “அதுதான் முடித்துவைக்கப்பட்டுவிட்டதே” என்று சொல்லி, பதிவேட்டில் எழுதிக்கொண்டார்: கூராயி, முள் இல்லை.

கல்வெட்டின்படி உடம்பில் ஒரு முள்கூட இல்லாத கூராயி, சலசலவென்று சத்தமிட்டபடி குட்டிகளோடு வளைக்கு நடந்தாள். வழியில் மூக்கை நக்கிக்கொண்டு நின்ற சிறுத்தை, அவளைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டது. நல்லவேளையாக, அதற்குப் படிக்கத் தெரியாது.