ஊசிக்கண்ணரின் ரகசிய உத்தியோகம்

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற செய்தி ஊசிக்கண்ணருக்கு எட்டியது ஓய்வு பெற்ற நாற்பத்து மூன்றாம் நாள் காலையில். அன்றே அவர் முடிவெடுத்துவிட்டார். இனி வீட்டில் இலவசமாகக் குறை சொல்வதில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. பொத்தான் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். நான்கு துளைப் பொத்தானில் ஒரு துளை மயிரிழை விலகியிருந்தாலும் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே வேலை செய்தவர்கள் முகத்துக்கு நேரே 'சார்' என்றார்கள், முதுகுக்குப் பின்னால் 'ஊசிக்கண்ணர்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னதுதான் நிலைத்தது.

ஓய்வு பெற்றது ஆள்தான், கண் இல்லை. அது வீட்டைப் பார்க்க ஆரம்பித்தது. மடித்து வைத்த துண்டுகளின் ஓரம் சேரவில்லை என்றது. குளியலறைக் குழாய் நிமிஷத்துக்குப் பதினொரு சொட்டு சொட்டுகிறது என்றது. மனைவி கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை.

"எண்ணிக்கிட்டிருந்த நேரத்துல வாஷரை மாத்தியிருக்கலாமே" என்றாள்.

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பொத்தான்கூட அவரை இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. மனிதர் வெந்து போனார்.

அந்த நிலையில்தான் செய்தித்தாளில் அதைப் படித்தார். சில கம்பெனிகள் ஆட்களைச் சாதாரண விருந்தினர் போல ஹோட்டல்களுக்கு அனுப்புகின்றனவாம். தங்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். பிறகு எது சரியில்லை என்று அறிக்கை எழுதித் தர வேண்டும். வந்திருப்பவர் யார் என்று ஹோட்டல்காரருக்குத் தெரியவே கூடாது. ஊசிக்கண்ணர் அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டார். தன் கண்ணுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று ஒரு கம்பெனி ஒரே ஒரு காகிதத்தில் எழுதித் தந்தால் போதும், மனைவி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுவரை அவளுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது.

எந்தக் கம்பெனியில் சேருவது என்பதுதான் கேள்வி. போனில் தேடி ஐந்து கம்பெனிகளைப் பிடித்து, அவர்களிடமிருந்து விவரக் கடிதங்களை வரவழைத்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் எழுதினார். எழுதி முடித்ததும் தாளைச் செய்தித்தாளுக்கு அடியில் ஒளித்து, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

மனைவி தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க அது?"

"பென்ஷன் விஷயம். உனக்குப் புரியாது."

"சரி. காலைத் தூக்குங்க." துடைத்தாள். "அந்த முதல் கம்பெனி வேண்டாங்க."

"எந்தக் கம்பெனி?"

"பதிவுக் கட்டணம் கேக்குறானே, அவன். வேலை குடுக்கறவன் காசு குடுப்பான். நம்மகிட்ட காசு கேக்கறவன் வேலையா குடுக்கப் போறான்?"

கடிதத்தின் காகிதம் வழுவழுப்பாக இருந்ததால் அந்தக் கம்பெனிக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தார். அதை அடித்தார். ஏற்கெனவே அடிக்க நினைத்திருந்ததாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"ரெண்டாவதும் வேண்டாம்."

"ஏன்? அவங்க கடிதத்துலயே நாலு எழுத்துப்பிழை இருக்கு. எவ்வளவு வேலை இருக்கும் பாரு."

"முன்கூட்டியே காசோலை அனுப்புவாங்களாம். அதை நம்ம கணக்குல போட்டுட்டு பாதியை அவங்களுக்கே திருப்பி அனுப்பணுமாம். வேலையா, வில்லங்கமா? முகவரிகூட இல்லை."

அதையும் அடித்தார். கோடு சற்றுக் கோணலாகப் போயிற்று.

"மூணாவது நல்ல கம்பெனிதான்" என்றாள் மனைவி, துணியைப் பிழிந்துகொண்டே. "ஆனா எடுத்ததும் ஹோட்டல் தர மாட்டாங்க. முதல்ல நாப்பது செருப்புக் கடை. நாப்பது தடவை குனிஞ்சு போட்டுப் பாத்துக் கழட்டணும். உங்க முட்டி தாங்குமா?"

"நாலாவது இருக்கே."

"அதுல ரூம் வாடகையை நம்ம கையிலேர்ந்து கட்டணும். அவங்க தர மூணு மாசம் ஆகும். நூத்தி எண்பது கேள்வியில ஒண்ணு விட்டுப்போனாலும் அதுவும் கிடையாது."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?" ஊசிக்கண்ணருக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

"நீங்கதானே எழுதினீங்க, நான் பின்னால கூட்டிக்கிட்டிருந்தேன். கட்டம் கட்டமா போட்டிருந்தீங்களா, படிக்க வசதியா இருந்துச்சு."

மிச்சம் இருந்தது ஐந்தாவது. ஹோட்டல் மட்டுமே பார்க்கிற கம்பெனி. முகவரி இருந்தது, போன் செய்தால் எடுத்தார்கள், வாடகையை அவர்களே கட்டினார்கள். கடற்கரை ஹோட்டல் ஒன்று காத்திருப்பதாகவும் சொன்னார்கள்.

"நான் நல்லா அலசி ஆராய்ஞ்சு அஞ்சாவதைத் தேர்ந்தெடுத்திருக்கேன்" என்று அவர் அறிவித்தார். "நீ இதுல தலையிடாதே. இது ரகசியமான உத்தியோகம்."

"நான் எதுக்குத் தலையிடப் போறேன்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்தாவது கம்பெனி எடுத்த எடுப்பில் யாரையும் சேர்க்காது. முதலில் ஒரு பரீட்சை. கடந்த ஒரு மாதத்தில் தங்கிய ஏதாவது ஓர் இடத்தை, அதை நடத்துபவருக்குத் தெரியாமல், ஒரு பகல் முழுவதும் சோதித்து எழுத வேண்டும். அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் நடத்துபவரைப் போனில் கூப்பிட்டு, யார்மேலாவது சந்தேகம் வந்ததா என்று கேட்பார்கள். வராவிட்டால் தேர்ச்சி.

ஊசிக்கண்ணர் ஒரு மாதமென்ன, ஒன்பது வருஷமாக வீட்டைத் தவிர வேறெங்கும் தங்கியதில்லை. வேறு யாராக இருந்தாலும் ஒரு பொய்யை எழுதியிருப்பார்கள். படிவத்தில் பொய் எழுதுவது ஊசிக்கண்ணருக்கு ஆகாது. இடம் என்ற கட்டத்தில் தன் வீட்டு முகவரியை எழுதினார். நடத்துபவர் என்ற கட்டத்தில் 'என் மனைவி' என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் தொலைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூட அவர் காலியாக விட்டதில்லை. அவளுடைய எண்ணை எழுதினார், ஏழு ஒன்று மாதிரி தெரிகிறதென்று அழித்துவிட்டு இன்னும் தெளிவாக எழுதினார்.

புதன்கிழமை காலை பையோடு வெளியே போய், கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். வரவேற்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். மிதியடியை உதற வந்த மனைவி அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இங்கேயே நிக்கிறீங்க?"

"உள்ளே வரலாமா?"

"யாரு தடுத்தா? காலைத் துடைச்சுட்டு வாங்க."

நான்கு நிமிஷம் பத்து விநாடி, புன்னகை இல்லை என்று கழிவறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். கதவின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு பொத்தானைப் போட்டு வைத்தார், கூட்டுகிறவர் கண்ணில் படுகிறதா என்று பார்க்க. பிறகு புகார்ப் பரீட்சை.

"காபி ஆறிப்போச்சு."

"அடுப்பு அங்கதான் இருக்கு."

"கூடுதலா ஒரு தலையணை கிடைக்குமா?"

"எழுந்து போய் எடுத்துக்கிட்டா கிடைக்கும்."

"மதியத்துக்கு என்னென்ன இருக்கு?"

"சாப்பாடு இருக்கு."

"வேற?"

"தண்ணி இருக்கு. உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

பதினாலு பக்கம் வந்தது. தொழிற்சாலையை விட்ட பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் எழுதியதில்லை. அனுப்பிவிட்டு, ஐந்து நாள் வாசலுக்கும் போனுக்குமாக அலைந்தார். ஆறாம் நாள் கடைக்குப் போய்விட்டு வந்தபோது மனைவி சோப்புப் போட்ட துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"உங்க கம்பெனியிலேர்ந்து ஒரு அம்மா பேசினாங்க."

பை கையிலிருந்து நழுவியது. "உன்கிட்டயா?"

"என் நம்பரைத்தானே குடுத்திருந்தீங்க. ஏழுங்கிற எண்ணை அழகா எழுதியிருந்தீங்களாம், சொன்னாங்க."

"என்ன கேட்டாங்க?"

"புதன்கிழமை யாராவது வித்தியாசமா நடந்துக்கிட்டாங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன்."

ஊசிக்கண்ணர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எல்லாம் போயிற்று. இனி ஆயுசு முழுக்கக் குழாய்ச் சொட்டை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"ஏன் முகம் இப்படிப் போகுது? வேலை கிடைச்சாச்சு" என்றாள் மனைவி. "அடுத்த வாரம் கடற்கரை ஹோட்டல். ரெண்டு நாள். ரெண்டு பேரா போகணுமாம்."

அவருக்கு உயிர் வந்தது. வந்த கையோடு எரிச்சலும் வந்தது. "நீ எதுக்கு?"

"தனியா ஒரு ஆள் வந்து சுவரைத் தடவிக்கிட்டிருந்தா சந்தேகப்பட மாட்டாங்களா?"

"வந்து தொலை. ஆனா எதுலயும் வாயைத் திறக்கக் கூடாது."

"நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

"வேற ஏதாவது சொன்னாங்களா அந்த அம்மா?"

"நீங்க எப்பவும் போல இருந்தா போதுமாம். எதையும் மாத்திக்க வேண்டாமாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

கடற்கரை ஹோட்டலில் ஊசிக்கண்ணர் வெளுத்து வாங்கினார். அறைக்குள் நுழைந்த ஆறாவது நிமிஷம் வரவேற்பு மேஜைக்கு வந்துவிட்டார்.

"ஜன்னல் திரை ரெண்டு விரல் அகலம் குட்டை."

"மன்னிக்கணும் சார்" என்று சிரித்தாள் அங்கிருந்த பெண். "வேற அறை தரட்டுமா?"

"அந்த அறையில திரை சரியா இருக்கும்னு யாரு அளந்தா?"

அவள் அளக்கும் நாடாவோடு ஓர் ஆளை அனுப்பினாள். நாடாவே தேய்ந்திருப்பதாக ஊசிக்கண்ணர் கண்டுபிடித்தார். இரண்டாவது அறையில் படுக்கை விரிப்பின் மடிப்பு சுவருக்கு நேராக இல்லை. மூன்றாவது அறையில் எல்லாம் சரியாக இருந்தது, அதுவே சந்தேகத்துக்கிடமாக இருந்ததால் முதல் அறையைத் திரும்பக் கேட்டார். லிஃப்டுக்கு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று பார்க்கப் பதினேழு தடவை ஏறி இறங்கினார். சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நான்கைத் திருப்பி அனுப்பினார்.

மனைவி பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் வந்தால் குடித்தாள். அவ்வப்போது ஒரு சின்ன நோட்டில் ஏதோ குறித்தாள். என்னவென்று கேட்டதற்கு, "வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்" என்றாள். எப்போதாவது அவர் களைத்து உட்கார்ந்தால் மட்டும் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏங்க, இந்தத் தலையணை ஒரு பக்கம் தாழ்வா இல்லை?"

"அதை நான் எப்பவோ கவனிச்சாச்சு. நீ சும்மா இரு" என்று எரிந்து விழுந்துவிட்டு, தலையணையோடு கீழே ஓடுவார்.

இரண்டாம் நாள் மத்தியானம் வரவேற்புப் பெண்ணின் சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மேலாளரே மாடிக்கு வந்தார்.

"சார், தயவுசெஞ்சு சொல்லுங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு எதுவும் வேண்டாம். குறை இருக்குன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

மேலாளர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். மனைவி எட்டிப் பார்த்து நோட்டில் எதையோ எழுதினாள்.

வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று பக்க அறிக்கை எழுதினார் ஊசிக்கண்ணர். "குடுங்க, நான் அனுப்பிடறேன்" என்றாள் மனைவி. இதையாவது செய்கிறாளே என்று கொடுத்தார்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து உறை வந்தது. மேலே யார் பெயர் என்றுகூடப் பார்க்காமல் பிரித்தார். 'அம்மையீர்' என்று தொடங்கியது. அச்சுப்பிழை. பேனாவை எடுத்து 'ஐயா' என்று திருத்திவிட்டு மேலே படித்தார்.

'கடற்கரை ஹோட்டல் பற்றிய தங்கள் முதல் அறிக்கை ஒன்றரைப் பக்கத்தில் கச்சிதமாக இருந்தது. தங்கள் இல்லத்தைச் சோதித்தவரை, கதவருகே அவர் வந்து நின்றபோதே கண்டுகொண்டும், கண்டுகொண்டதை அன்று முழுவதும் காட்டாமல் இருந்தீர்கள். அதற்காகவே தங்களைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வு வீண்போகவில்லை. தொல்லை கொடுக்கும் விருந்தினரை ஊழியர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அறிவதுதான் எங்கள் சோதனைகளிலேயே கடினமானது. எவ்வளவு பழகியவர்களும் அரைநாள் நடித்துக் களைத்துவிடுவார்கள். தாங்கள் அழைத்து வந்த நடிகரோ இரண்டு நாளும் ஓயவில்லை. அவர் நடிப்பதாகவே தோன்றவில்லை என்று, சோதனை முடிந்து நாங்கள் விஷயத்தைத் தெரிவித்த பிறகு, ஹோட்டல் மேலாளர் வியந்து எழுதியிருக்கிறார். அடுத்த முறையும் அவரையே அழைத்து வரவும்.'

பேனா கையிலேயே இருந்தது. திருத்த ஒன்றும் இல்லை.

"என்னோட இருபத்து மூணு பக்கம்?" என்று கேட்டார். குரல் அவருடையது போலவே இல்லை.

"அனுப்பினேனே" என்றாள் மனைவி, அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கியபடி. "மேல 'அத்தாட்சி'ன்னு எழுதி என் அறிக்கையோட இணைச்சுட்டேன்."

அவர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"மலங்க மலங்க முழிக்காதீங்க. அடுத்த மாசம் மலை மேல ஒரு ஹோட்டல், உங்க சட்டையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். போன தடவை மேலாளரோட நிறுத்திட்டீங்களாம், இந்தத் தடவை சமையல்காரரையும் ஒரு கை பாக்கணுமாம்."