விக்கிங்காவுக்கு ஒரு அர்ச்சனை

இந்த வெள்ளியோடு தன் வீட்டில் மகாராணிகளின் ஆட்சிக்கு முடிவு கட்டுவது என்று மகேந்திரராசா தீர்மானித்தார். தீர்மானம் எடுத்த இடம் டென்மார்க்கின் ஒடென்சே நகர ட்ராம். எடுத்த நிலைமை, வெறும் வயிறு. வெள்ளிக்கிழமை விரதம். காலையில் குடித்த தேத்தண்ணியோடு ஜன்னல் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கண்ணாடி தூக்கிய மனுசன். அந்த நேரத்தில் வருகிற வீரம் வேறு எந்த நேரத்திலும் வராது.

வீட்டுக் கதவைத் திறந்தார். பருப்புத் தாளித்த வாசம் இல்லை. அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வெளியில் அடித்த காற்றே பரவாயில்லை போலிருந்தது. மனைவி மனோரஞ்சிதமும் மகள் மேனுஜாவும் ஒரே போர்வைக்குள் புதைந்து ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரீவியில் 'உலக மகாராணி'. பல நாட்டு ஆண்கள் பெண் வேடம் கட்டி, தாங்களே தைத்த உடுப்போடு மேடையில் நடந்து, ஆடி, ஒருவரை ஒருவர் நக்கலடித்துப் போட்டி போடுவார்கள். வெள்ளிக்கு வெள்ளி ஒரு மகாராணி தோற்றுப் பெட்டியைக் கட்டுவா. கடைசியில் நிற்கிறவவுக்குக் கிரீடம். மேனுஜா தொடங்கி வைத்த பழக்கம், தாய்க்குத் தொற்றி, இப்போது தாய்க்குத்தான் முற்றியிருந்தது.

"இஞ்சேர், சாப்பாடு?"

"சத்தம் போடாதேங்கோப்பா. அந்தப் பிள்ளை அழுது."

"எந்தப் பிள்ளை?"

"அந்தா, பச்சை முடி."

"அதுக்கு என்னைவிட வயசு கூட!"

"ஹோல்ட் நு ஒப், ஃபா!" என்றாள் மேனுஜா. தகப்பனை வாயை மூடச் சொல்ல டெனிஷில் அதைவிட மரியாதையான வழி அவளுக்குத் தெரியாது.

மகேந்திரராசா ரீவிக்கு முன்னால் போய் நின்றார். "இண்டையோடை சரி! விரதம் இருக்கிற மனுசனுக்கு ஒரு பிடி சோறில்லை. இனி இந்த வீட்டிலை இந்தக் கூத்து இல்லை!"

மனோரஞ்சிதம் கோபப்படவில்லை. அதுதான் பயங்கரம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் கோபப்பட்ட இடங்களில் அவர் தப்பியிருக்கிறார். சிரித்த இடங்களில் தப்பியதில்லை. அவள் சிரித்தாள்.

"சரியப்பா. பந்தயம் வைப்பம். இண்டைக்கு ஆர் வீட்டை போறதெண்டு சொல்லுங்கோ. சரியெண்டால் ரீவியை நிப்பாட்டுறன். பிழைச்சால் வாற வெள்ளி நீங்கள் சமைக்கோணும்."

மகேந்திரராசா கிரிக்கெற் பார்த்து வளர்ந்தவர். ரீவியில் எது ஓடினாலும் அது இப்போதுதான் எங்கேயோ நடக்கிறது என்று நம்புகிற ரகம். எத்தனை ஆட்டங்களின் முடிவைத் தொழிற்சாலையில் முதலே சொல்லி அடித்தவர்! ஒரு மகாராணியின் முடிவு சொல்வது பெரிய வேலையோ? "அந்த இறகுக்காரி," என்றார். இறகுக்காரி இருந்தா. வேறொருத்தி போனா.

அடுத்த வெள்ளி மகேந்திரராசா குசினிக்குள் நின்றார். இடியப்ப உரலை அவர் பிழிந்தார் என்று சொல்வது பொய். உரல்தான் அவரைப் பிழிந்தது. தட்டில் விழுந்ததை மேனுஜா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கத்தாலை தொடங்குது?" என்று கேட்டாள். அவமானம் தாங்காமல் மறுபடி பந்தயம் வைத்தார். மறுபடி தோற்றார்.

இப்படியே போனது. ஒரு தடவை, "பச்சை முடிதான் போகும்," என்று அடித்துச் சொன்னார்.

மனோரஞ்சிதம் கவலையாகப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஏன்?"

"இல்லை, உங்கட விருப்பம். பிறகு என்னைப் பேசாதேங்கோ."

யோசித்தார். மாற்றினார். பச்சை முடி அழுதழுது போனா. மகேந்திரராசா அழாமல் போய்ச் சட்டி கழுவினார்.

மனுசனுக்கு வாழ்க்கையே வெறுத்துப் போனது. வியாழக்கிழமையே நெஞ்சு அடிக்கத் தொடங்கும். தேங்காய்ப்பூக் கனவில் வரும். அதைவிடப் பெரிய துன்பம், அந்தப் பாழாய்ப்போன போட்டி அவருக்குப் பிடித்துவிட்டது. வெளியில் சொல்லவும் முடியாது. முக்கியமாக விக்கிங்காவைப் பிடித்துவிட்டது. வடக்கே ஓல்போர்க் நகரைச் சேர்ந்த மீன்பிடிகாரர் ஒருவரின் மகன். தகப்பனின் பழைய வலையை வெட்டிப் பாவாடை தைத்துக்கொண்டு மேடைக்கு வந்தா. "அப்பா என்னோடை கதைக்கிறதில்லை, ஆனால் வலையைக் கேட்க மறுக்காமல் தந்தவர்," என்று விக்கிங்கா சொன்ன அன்று, மகேந்திரராசா வெங்காயம் வெட்டுகிறேன் என்று குசினிக்குள் போனார். அன்றைக்குக் கறிக்கு வெங்காயமே தேவையில்லை.

இறுதிப் போட்டி வந்தது. விக்கிங்காவும், பிரேசிலின் டோனா டைனமைட்டும்தான் மிச்சம். மகேந்திரராசா ஒரு கிழமைக்கு முதலே சூளுரைத்தார்.

"விக்கிங்காதான் வெல்லுவா! வெண்டால் வெள்ளிச் சமையல் திரும்பவும் உம்மட. அடுத்த வருசப் போட்டி இந்த வீட்டுக்குள்ளை வரப்படாது."

"தோத்தால்?"

"தோத்தால்... ஆயுளுக்கும் வெள்ளிச் சமையல் என்ர!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. மேனுஜா அதற்குள் ஃபோனில் பதிவு செய்துவிட்டாள்.

இனி மனித முயற்சி போதாது. இறுதிப் போட்டியன்று வேலை முடிந்த கையோடு பிள்ளையார் கோயிலுக்கு ஓடினார். மாலைப் பூசைக்குக் கூட்டம் வர முதல் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். தேங்காய், பழம், வெற்றிலை, எல்லாம் முறையாக.

"ஆற்ற பேருக்கு அண்ணை?" என்றார் ஐயர்.

"விக்கிங்கா."

"என்ன?"

"விக்-கிங்-கா."

"நட்சத்திரம்?"

"அனுஷம். விருச்சிக ராசி." மேனுஜாவிடம் பிறந்த தேதியை நைசாகக் கேட்டு, பஞ்சாங்கம் புரட்டிக் கண்டுபிடித்தது.

"கோத்திரம்?"

"ஆள் ஓல்போர்க், ஐயா. சிவகோத்திரம் எண்டு போடுங்கோ."

ஐயர் மணியைத் தூக்கினார். திரும்பக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, உது உலக மகாராணி விக்கிங்காவோ?"

"உங்களுக்கும் தெரியுமோ ஐயா?"

"தெரியாமல்? உங்கட வீட்டுப் பந்தயமும் தெரியும். எங்கட ஐயரம்மாவும் வெள்ளிக்கு வெள்ளி என்னோடை பந்தயம். போன கிழமையும் நான்தான் பாத்திரம் கழுவினனான்." ஐயர் பெருமூச்சு விட்டார். "நான் அர்ச்சனை செய்யிறன். ஆனால் பிள்ளையார் பாவம், அவர் என்ன செய்யிறது? போட்டியை எப்பவோ படம்பிடிச்சு முடிச்சிட்டாங்கள். வெள்ளி காலமையே இணையத்திலை போட்டிடுவாங்கள். எங்கட மனுசிமார் வேலைக்குப் போக முதலே முடிவைப் பாத்துப்போட்டு, பின்னேரம் எங்களோடை இருந்து புதுசாப் பாக்கிற மாதிரி வாயைப் பிளக்கினம்."

மகேந்திரராசா தட்டைப் பின்னுக்கு இழுத்தார். "எல்லா வெள்ளியுமோ?"

"எல்லா வெள்ளியும்."

"பச்சை முடி வெளியேறின கிழமையும்?"

"அதுவும்தான் அண்ணை."

மகேந்திரராசா தோற்ற வெள்ளிகளை விரல்விட்டு எண்ணினார். அவர் அவித்த இடியப்பங்கள் எல்லாம் கண்முன்னே வந்து போயின. அநியாயம்! இப்படியும் ஒரு பொம்பிளை இருப்பாளோ!

"மனசை விடாதேங்கோ," என்றார் ஐயர். "நானும் இண்டைக்குத்தான் கண்டுபிடிச்சனான். காலமை குளிச்சிட்டு வரேக்கை ஐயரம்மா குசினிக்குள்ளை ரெலிபோன் கதைச்சவ. கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டன். 'டோனா டைனமைட்தான் கிரீடம் எடுத்திட்டா' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ. நான் உடனை என்ர பந்தயத்தை டோனாவுக்கு மாத்திட்டன்."

மகேந்திரராசாவுக்கு உயிர் வந்தது. "அப்ப ஐயா, அர்ச்சனையையும் டோனாவுக்கு மாத்துங்கோ."

"என்னத்துக்கு அண்ணை? அவதான் வெண்டிட்டாவே."

அதுவும் சரிதான். அர்ச்சனை விக்கிங்காவின் பேரிலேயே நடந்தது. பிள்ளையாரின் முகத்தைப் பார்க்க மகேந்திரராசாவுக்கு வெட்கமாக இருந்தது. வலைப் பாவாடை ஞாபகம் வந்தது. ஆனால் ஆயுள் முழுக்க இடியப்பம் என்றால் சும்மாவா? திருநீற்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

"ரஞ்சி, நான் ஆளை மாத்துறன். டோனா டைனமைட்."

மனோரஞ்சிதம் திடுக்கிட்டாள். "என்னப்பா, விக்கிங்கா எண்டு ஒரு கிழமையாத் துள்ளினியள்? கடைசி நேரத்திலை மாத்தேலாது!"

"ஏன் மாத்தேலாது? போட்டி இனித்தானே நடக்கப் போகுது?" என்றார் மகேந்திரராசா. சொல்லும்போதே எவ்வளவு இனித்தது!

அவள் முகம் தொங்கிப் போனது. மேனுஜாவைப் பார்த்தாள். மேனுஜா கூரையைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் மனோரஞ்சிதம். "உங்கட விருப்பம்."

நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ என்று அவள் கேட்கவில்லை. அதை மனுசன் கவனித்திருக்க வேண்டும். வெற்றி வெறியில் கவனிக்கவில்லை. கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். அன்றைய சமையல் அவர் முறைதான், ஆனாலும் அடுப்புப் பக்கம் போகவில்லை. இனி என்னத்துக்கு?

மேடையில் வெளிச்சம் குறைந்தது. உறையைப் பிரித்தார்கள்.

"விக்கிங்கா!"

மேடைக்குக் கீழே இருந்து ஒரு கிழவர் மழைக்கோட்டோடு ஏறி வந்து, கிரீடம் வைத்த மகனைக் கட்டிப் பிடித்தார். மேனுஜா அழுதாள். மனோரஞ்சிதம் அழுதாள். மகேந்திரராசாவும் அழுதார். அதில் எவ்வளவு விக்கிங்காவுக்கு, எவ்வளவு தனக்கு என்று அவருக்கே தெரியவில்லை. பிள்ளையார் அர்ச்சனையைக் கேட்டிருக்கிறார். கேட்காமல் விட்டது மகேந்திரராசாதான்.

மூக்கைச் சிந்திவிட்டு, "காலமை ஐயரம்மாவோடை ரெலிபோன் கதைச்சது ஆர்?" என்றார்.

"நான்தானப்பா." மனோரஞ்சிதம் கண்ணைத் துடைத்தாள். "கதவுக்குக் கீழாலை ஐயற்ற வேட்டி தெரியுது எண்டு ஐயரம்மா மெல்லமாச் சொன்னவ. அப்ப டோனாவெண்டு பலமாச் சொல்லுங்கோ எண்டன்."

"ஐயர் எனக்குச் சொல்லுவார் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வேலைக்குப் போகேக்கை பஞ்சாங்கத்தை விரிச்சபடியே மேசையிலை விட்டிட்டுப் போட்டியள். அர்ச்சனைக்குத்தான் போறியள் எண்டு விளங்கீற்று. நீங்கள் இரண்டு பேரும் சந்திச்சால் ஒரு இரகசியம் எவ்வளவு நேரம் தாங்கும்?"

மகேந்திரராசா பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். மேசையில் இருந்த அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்தார். ஐயர். பின்னால் எங்கேயோ ஐயரம்மா சிரிப்பது கேட்டது.

"அண்ணை," என்றார் ஐயர் மெல்ல, "இடியப்ப மாவுக்குச் சுடுதண்ணியோ, பச்சைத்தண்ணியோ?"